இரண்டு கம்ப்யூட்டர், ஒரு வயர்

ஞாயிற்றுக்கிழமை இரவு 9.40 மணி. பழைய கம்ப்யூட்டருக்கு வயர் வழியே ஒரு சோதனை அழைப்பு அனுப்பினேன். மடிக்கணினியின் கறுப்புத் திரையில் நான்கு வரிகள் வந்தன. நான்கிலும் பதில் வந்த நேரம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. பதில் சொன்னது, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பா சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கித் தந்த பென்டியம் 3 கம்ப்யூட்டர். ஆறு வாரமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் அதற்குத்தான். அன்று இரவு விளையாடி முடித்துத் தூங்கிவிட்டு, மறுநாளே இதை எழுதத் தொடங்கினேன். எந்தக் கெபாசிட்டரை (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்ன உருளைப் பாகம்) எங்கே வைத்தேன், எதற்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதெல்லாம் சீக்கிரம் மறந்துவிடும்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் தொடங்கிய வேலை இது. என் மகளும் தம்பி மகனும் ஒரே வீட்டில், ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரு விளையாட்டை ஆட முயன்றார்கள். முதலில் கடவுச்சொல் மறந்துபோயிற்று. மாற்றப் போனால் குறியீட்டு எண் தம்பியின் பழைய கைப்பேசி எண்ணுக்குப் போனது. அதைச் சரிசெய்ததும் 60 ஜிபிக்கு மேல் புதுப்பிப்பு இறங்க வேண்டும் என்றது. எல்லாம் முடிந்து உள்ளே போனால், சர்வர் பராமரிப்பில் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்று ஒரு செய்தி. பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்த பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கு ஆடாமலே எழுந்து போனார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. "எங்க காலத்துல ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு வயர். அவ்வளவுதான்" என்றேன். "அப்ப அதைக் காட்டுங்கம்மா" என்றாள் மகள்.

அந்த வயருக்கு ஒரு கதை உண்டு. நானும் தம்பியும் முதலில் ஆடியது தொலைபேசி இணைப்பில்தான். 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் விளையாட்டு. 56கே மோடம் வழியாக, இணையத்தில் ஆட்டக்காரர்களைச் சேர்த்துவைத்த எம்எஸ்என் கேமிங் ஸோனுக்குள் போய் யாரோ ஒருவரோடு ஆடுவோம். ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரம்கூட ஓடும். அப்பா அப்போது செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தால் சனிக்கிழமை இரவு சூப்பர்வைசர் வீட்டுக்குப் போன் செய்வார். ஒரு சனிக்கிழமை நாங்கள் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை லைனைப் பிடித்து வைத்திருந்தோம். ஓவர்டைம் வேறொருவருக்குப் போய்விட்டது. அப்பா திட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு நெட்வொர்க் அட்டை, தானே முனை அடித்த மூன்று மீட்டர் கேபிள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஆடிக்குங்க. போன் வேணாம்."

அந்த இரண்டாவது கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது. பென்டியம் மட்டும் அப்பா, அம்மாவின் உட்லண்ட்ஸ் வீட்டு பாம் ஷெல்ட்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்புக்காக வீட்டுக்குள்ளேயே கட்டிய சிறு அறை), அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே இருந்தது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் காற்றோட்டமே இல்லாத அறையில் பத்து வருடத்துக்கு மேல். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோது உள்ளே உப்புப் பூத்தது போல் வெள்ளைப் பொடி. மெமரியின் தொடுமுனைகள் பழுப்பாகக் கறுத்திருந்தன.

முதல் தவறு அன்றே நடந்தது. பட்டனை அழுத்தினேன். விசிறி ஒரு நொடி சுற்றி நின்றது. பவர் சப்ளைதான் போச்சு என்று முடிவு செய்தேன். அதைத் தனியே கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைத்து, பழைய சிடி டிரைவ் ஒன்றை மாட்டி, மின் அளவு காட்டும் மல்டிமீட்டரை வைத்தேன். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.6. குறைந்தது 4.75 வேண்டும். ஆக, அதுவும் போனதுதான். ஆனால் அது மட்டுமே போயிருக்கிறது என்று நினைத்ததில்தான் பிசகு. பழைய பொருள் விற்கும் கேரோசெல் செயலியில் 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பவர் சப்ளை வாங்கினேன். 24 முனை கனெக்டரில் நான்கு முனை தனியாகப் பிரிந்து வருவதால் பழைய 20 முனை மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் சேரும் முதன்மைப் பலகை) பொருந்தியது. வாங்கும்போது பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பென்டியம் 3 காலத்து போர்டுகள் பல பிராசசருக்கான மின்சாரத்தை 5 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கும். இப்போதைய சப்ளைகளில் பலமெல்லாம் 12 வோல்ட்டில்தான் இருக்கும். நான் வாங்கியதில் 20 ஆம்பியர் இருந்தது.

புது சப்ளையில் விசிறி நிற்காமல் சுற்றியது. ஆனால் படமும் இல்லை, பீப்பும் இல்லை. மெமரியைக் கழற்றி, தொடுமுனைகளைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி மாட்டினேன். ஒன்றும் இல்லை. பிறகு மெமரியே இல்லாமல் போட்டுப் பார்த்தேன். போர்டு உயிரோடு இருந்தால் அப்போது நீளமாகக் கத்தும். கத்தவில்லை. அப்புறம்தான் கைவிளக்கைப் பிடித்து பிராசசரைச் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தேன். ஒன்பது கெபாசிட்டர். ஆறின் தலை உப்பியிருந்தது. இரண்டின் மேல் காய்ந்த புளி போல் பழுப்புப் பொருக்கு. கவரைத் திறந்ததும் ஒரு நிமிடம் செலவழித்து இதைப் பார்த்திருக்கலாம். 2000ஐ ஒட்டி வந்த போர்டுகளில் இப்படிப் பொங்கிப்போன கெபாசிட்டர்கள் ஏராளம்.

ஆறு பிராசசர் பக்கம், 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். மூன்று மெமரி பக்கம், 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். எல்லாம் 8 மில்லிமீட்டர் விட்டம். எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு சிம் லிம் டவருக்குப் போனேன். ஸ்குவேரில் கம்ப்யூட்டர் கிடைக்கும், உதிரிப் பாகத்துக்கு எதிரே இருக்கும் டவர்தான். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்த காலத்தில் இந்த மாதிரி வேலைக்கு அங்கேயும் ஒரு சுற்று போவேன். பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டும் ஐடிஇ கேபிள், பழைய ஸ்க்ரூ, எல்லாம் ஒரு வெள்ளிக்கும் இரண்டு வெள்ளிக்கும் கிடைக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.

டவரில் வாங்கியது: ஈயம் உருக்கும் 60 வாட் சால்டரிங் அயர்ன் 32 வெள்ளி, ஈயக்கம்பி 6, ஈயம் உறிஞ்சி 7, பத்து கெபாசிட்டர் தலா 40 காசு, மதர்போர்டுக்கு ஒரு பொத்தான் பேட்டரி 2 வெள்ளி. அங்கே 8 மில்லிமீட்டரில் இல்லை, 10 மில்லிமீட்டரில்தான் இருந்தது. மதிப்பு சரிதானே, போதும் என்று வாங்கிவிட்டேன். எனக்கு மூன்று வாரம் வீணானது இந்த இடத்தில்தான்.

பழையதைக் கழற்றுவது பொறுமையான வேலை. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று பின்னால் தெரியவேண்டும். வீட்டில் முன்பே இருந்த 30 வாட் அயர்னில் ப்ளஸ் கால் உருகியது, மைனஸ் கால் அசையவே இல்லை. மைனஸ் கால்கள் போர்டுக்குள் இருக்கும் அகலமான செப்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும், அது சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். 60 வாட்டை எடுத்து, அகல முனையை மாட்டி, பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கிவிட்டு, ஒரு காலைச் சூடாக்கிச் சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கிச் சாய்த்து, இப்படி ஆட்டி ஆட்டி எடுத்தேன். ஒன்றுக்குப் பத்து நிமிடம். துளையில் அடைத்த ஈயத்தை உறிஞ்சி பாதிதான் எடுத்தது. மீதியைச் சூடாக்கிக்கொண்டே எவர்சில்வர் ஊசியால் குத்தித் திறந்தேன். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. ஐந்தாவதில் அவசரப்பட்டுப் பலமாக இழுத்ததில் துளையைச் சுற்றிய செப்பு வளையம் கையோடு வந்துவிட்டது. அந்தத் தடம் போகும் இடத்தை மல்டிமீட்டரில் தேடிப் பிடித்து, நெட்வொர்க் கேபிளின் ஓர் இழையால் பாலம் போட்டேன். இன்றுவரை நிற்கிறது.

புதிய 10 மில்லிமீட்டர் கெபாசிட்டர்கள் நெருக்கமாக நிற்கவில்லை. இரண்டைக் காலை நீட்டிச் சாய்த்து வைத்தேன். பட்டனை அழுத்தினேன். பீப். திரையில் 733 மெகாஹெர்ட்ஸ், 128 எம்பி என்று எண்ணத் தொடங்கியது. மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது, கம்ப்யூட்டர் தொடங்கும்போது பாகங்களைத் தேடும் பயாஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. யுஎஸ்பி அடாப்டரில் போட்டும் அதே சத்தம். அதில் தம்பியும் நானும் சேமித்த ஆட்டங்கள் இருந்தன. போனது போனதுதான். அதற்குப் பதிலாக 16 ஜிபி காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை 28 வெள்ளி, அதை ஐடிஇயில் மாட்டும் அடாப்டர் 6 வெள்ளி. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பின் தட்டு அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. ஆனால் சிடி டிரைவின் தட்டம் வெளியே வரவில்லை. முன்பக்கச் சின்னத் துளையில் கம்பியை விட்டுத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் மிட்டாய் போல் இளகிப்போயிருந்தது. சாதாரண ரப்பர் பேண்டைப் போட்டேன், இரண்டு நாளில் வழுக்கியது. 3 வெள்ளிக்குச் சரியான அளவு பெல்ட் ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டபிறகு தட்டம் சொன்னபடி கேட்கிறது.

நிறுவி முடித்த விண்டோஸ் இரண்டாவது தடவை தொடங்கும்போது மேகப் படத்திலேயே நின்றது. சேஃப் மோடில் நுழைந்து, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்குக்கு எதிரே இருக்கும் டிஎம்ஏ (டிஸ்க்கும் மெமரியும் பிராசசரை இடையில் இழுக்காமல் நேராகப் பேசும் முறை) குறியை எடுத்துவிட்டேன். மலிவு அடாப்டர்களில் டிஎம்ஏவுக்கு வேண்டிய இரண்டு இணைப்புகளைப் போடுவதே இல்லை. குறியை எடுத்ததும் ஓடியது. கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ஆனால் 200 எம்பி விளையாட்டுக்கு அது போதும்.

எதிர்ப்பக்கம் ஆட 2005இல் வாங்கிய ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினி. தம்பியிடம் விளையாட்டின் தனித் தட்டு இருந்தது. வீட்டு வைஃபை எனக்கு வேண்டாம். பழைய நெட்வொர்க் அட்டைகள் நேர், குறுக்கு என்று தானாக மாற்றிக்கொள்ளாது, அதனால் நேரடியாக இணைக்க, அனுப்பும் இழையும் வாங்கும் இழையும் இடம் மாறிய குறுக்கு கேபிள்தான் வேண்டும். முனை அடிக்கும் கருவி 15 வெள்ளி, பத்து ஆர்ஜே45 முனை 3 வெள்ளி. நான்கு முனை வீணாகி ஒரு கேபிள் உருவானது. நெட்வொர்க் முகவரி பென்டியத்துக்கு 192.168.0.1, மடிக்கணினிக்கு 192.168.0.2. ஆட்ட அறையில் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. எக்ஸ்பியின் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்பைத் தடுக்கும் காவல்) தடுக்கிறது. விளையாட்டுக்கு 47624ஆம் போர்ட்டும் (நெட்வொர்க்கில் எண்ணிட்ட வாசல்), 2300 முதல் 2400 வரையிலானவையும் திறந்திருக்க வேண்டும். வயர் வெளியுலகத்துக்கே போகவில்லையே என்று ஃபயர்வாலை முழுதாக அணைத்தேன். தம்பி ஞாயிறன்று வந்து உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியது.

இருபது நிமிடத்தில் நின்றது. இரண்டு திரையும் ஒரே நேரத்தில் உறைந்தன. இரண்டும் ஒன்றாக நின்றதால் கேபிள்தான் காரணம் என்று நினைத்தேன். என் முனைகள் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. மறுவாரம் முழுக்க முனையை வெட்டி வெட்டி அடித்தேன். அடுத்த ஞாயிறு அப்பா வந்தார். அவருக்கு 74 வயது, கை லேசாக நடுங்கும், கருவியைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொன்னார். "ஒரு பக்கம் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. மறுபக்கம் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறணும்." இருபத்தைந்து வருடம் ஆகியும் ஒரு நிறம் தப்பவில்லை. "ஏம்மா, நான் செஞ்சது எங்க?" என்று கேட்டார். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. அம்மாவிடம் போன் செய்து தேடச் சொன்னோம். மறுநாள் விளக்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. சுருட்டிக் கட்டிய சாம்பல் நிறக் கேபிள். மேலே மஞ்சளடித்த மாஸ்கிங் டேப்பில் அப்பாவின் எழுத்து: "கம்ப்யூட்டர் – கம்ப்யூட்டர் மட்டும்". ஒரு முனையின் கொக்கி முறிந்திருந்தது. அந்த முனையை மட்டும் வெட்டிப் புதிதாக அடித்தேன்.

அதிலும் இருபது நிமிடத்தில் நின்றது. ஆக, கேபிள் இல்லை. அப்பா கேட்டார்: "தனியா ஆடினா நிக்குதா?" அந்தச் சோதனையை நான் செய்யவே இல்லை. தனி ஆட்டம் போட்டேன். படை பெருத்ததும் பென்டியம் உறைந்தது. இந்த விளையாட்டு ஒவ்வொரு வீரனின் இருப்பிடத்தையும் வயரில் அனுப்புவதில்லை. என்ன கட்டளை கொடுத்தோம் என்பதை மட்டும் அனுப்பும், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும். அதனால்தான் அந்தக் காலத்து மோடத்திலேயே நூற்றுக்கணக்கான வில்லாளிகள் ஓட முடிந்தது. ஒன்று நின்றால் மற்றதும் காத்திருக்கும். இரண்டும் ஒன்றாக உறைந்ததற்குக் காரணம் இதுதான்.

பிராசசரின் பழைய பசையைத் துடைத்துப் புதிது தடவினேன். மெமரியை மாற்றி மாற்றிப் போட்டேன். மாற்றமே இல்லை. கடைசியில் 18 வெள்ளிக்கு ஒரு சின்ன பாகச் சோதனைக் கருவி வாங்கி, மீந்திருந்த அந்தப் பத்தாவது கெபாசிட்டரை வைத்துப் பார்த்தேன். 1500 மைக்ரோஃபாரட் சரியாகவே இருந்தது. ஆனால் உள்தடை 0.21 ஓம். பிராசசர் பக்கத்தில் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரம் ஏறி இறங்கும் இடத்துக்கு அது ரொம்ப அதிகம். நான் வாங்கியது பொது உபயோகத்துக்கானது, 85 டிகிரி வகை. வேண்டியது உள்தடை குறைந்த, 105 டிகிரி வகை. அதை 8 மில்லிமீட்டரில் இணையத்தில் வரவழைத்தேன். ஒன்பது, தலா 1.20 வெள்ளி, வர 12 நாள். வந்ததும் ஒவ்வொன்றையும் கருவியில் வைத்தேன், எல்லாம் 0.03க்குள். இரண்டாம் தடவை கழற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. எல்லாம் நேராக, காலை நீட்டாமல் உட்கார்ந்தன.

அன்று இரவுதான் தொடக்கத்தில் சொன்ன அந்த 9.40. தம்பி எப்போதும் போல் பாரசீகர்களை எடுத்தான், யானைக்காக. முதலில் வந்த பதிப்பில் பதின்மூன்று நாகரிகம், நம்முடையது அதில் இல்லை. இருந்ததில் யானை மட்டும்தான் நமக்குச் சொந்தம் போல் தெரியும், அதற்காக நாங்கள் அப்போது தினமும் சண்டை போடுவோம். 2022இல் புதிய பதிப்பில் திராவிடர்களைச் சேர்த்து, ராஜேந்திர சோழனை வைத்து ஒரு தொடரே கொடுத்தார்கள். தம்பி அதையும் வாங்கி ஆடுகிறான். மகளுக்கு இதில் பிடித்தது பேச்சுப் பெட்டியில் 11 என்று தட்டினால் வரும் அந்தச் சிரிப்பு. ஆட்டம் ஒரு மணி ஐம்பது நிமிடம் போனது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் தோற்றேன்.

மொத்தம் 159.80 வெள்ளி. அதில் கருவிகள் 72 வெள்ளி, அவை இனியும் பயன்படும். அடுத்த தடவை எந்தப் பழைய பெட்டியைத் திறந்தாலும் பவர் சப்ளையையும் கெபாசிட்டர்களையும் ஒரே நாளில் பார்ப்பேன். சோதனைக் கருவியைக் கடைசியில் வாங்காமல் முதலில் வாங்குவேன். விட்டம் சரியில்லாத பாகத்தை எடுக்கவே மாட்டேன். டிஎம்ஏ இணைப்பு உள்ள அடாப்டர் இரண்டு மூன்று வெள்ளி கூடுதலாக இருந்தாலும் அதைத்தான் வாங்குவேன். ஆட்டம் நின்றால், கேபிளில் கை வைப்பதற்கு முன் தனியாக ஓடுகிறதா என்று பார்ப்பேன்.

நாங்கள் அந்நாளில் நுழைந்த கேமிங் ஸோனில் இந்த வகை விளையாட்டுகளுக்கான இடத்தை 2006இலேயே மூடிவிட்டார்கள். அதை எந்த அயர்னாலும் திறக்க முடியாது. மேசை மேல் இருக்கும் இது திறந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி மகனும் வருகிறான். மூன்று பேர் ஆட வேண்டுமானால் நடுவே எல்லாக் கேபிளையும் சேர்க்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வேண்டும். ஸ்விட்ச் வந்தால் குறுக்கு கேபிள் வேண்டாம், மூன்று நேர் கேபிள் போதும். அப்பா நிற வரிசையை ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். முனை அடிக்கப் போவது மகள்.